அந்தி வெளிச்சத்துக்கு ஒரு ஸ்கோப்பு

வேதவல்லி துப்பாக்கி என்ற ஒன்றைக் கிட்டத்தில் பார்த்ததே கிடையாது. தீபாவளிக்குத் தம்பி சுடுகிற பொட்டுக் கேப்புக்கே காதைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடுகிறவள். அப்படிப்பட்டவளைப் பிடித்து, வேட்டைத் துப்பாக்கியின் தலையில் பூட்டுகிற, தூரத்தைக் கிட்டத்தில் காட்டும் ஸ்கோப்பு மூன்றை முன்னால் வைத்து, இதில் எது நல்லது சொல் என்று கேட்டால் எப்படி இருக்கும்? கேட்டார்கள். அவளும் சொன்னாள். தப்பாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சரியாகச் சொல்லித் தொலைத்தாள்.

அது அறுபத்தெட்டாம் வருஷத்துக் குளிர்காலம். ஜெர்மனியில் மார்பர்க் ஊருக்கு வெளியே, லான் ஆற்றுக்கும் காட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு கிராமம். அதில் காட்டோரத்துக் கடைசி வீட்டின் மச்சில் இரண்டு அறைகள், அதுதான் குடித்தனம். அவள் புருஷன் பார்த்தசாரதி திருச்சியில் ஒரு கல்லூரியில் பௌதிக விரிவுரையாளன். லீவு போட்டுவிட்டு டாக்டர் பட்டத்துக்கு வந்தவன். லென்ஸின் மேல் மெல்லிசாகப் போடுகிற பூச்சைப் பற்றி ஆராய்ச்சி. உதவித்தொகை பிப்ரவரியோடு முடிகிறது. ஆராய்ச்சி முடிய இன்னும் ஒரு வருஷம் வேண்டும். அந்த ஒரு வருஷத்தைக் கொடுப்பதும் கொடுக்காததும் பேராசிரியர் ஹார்ட்விக்கின் கையெழுத்தில் இருந்தது. கையெழுத்துப் போடாவிட்டால் பட்டமில்லாமல் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வேதவல்லிக்கு ஊருக்குப் போவதில் ஒன்றும் கசப்பில்லை. நாளைக்கே புறப்படச் சொன்னாலும் புடவையை உதறிக் கட்டிக்கொண்டு நின்றிருப்பாள். ஆனால் வெறுங்கையோடு திரும்பினால் அந்த மனுஷன் தலை நிமிர்ந்து நடக்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

அவளுடைய பொழுது கரியில் விடிந்தது. நிலவறையில் அடுக்கியிருக்கும் கரிக்கட்டிகளை வாளியில் அள்ளி மூன்று மாடி ஏற வேண்டும். முந்தின நாள் சாம்பலை அதே வாளியில் இறக்க வேண்டும். கணப்பு அடுப்பைப் பற்றவைத்து ஊதி, அறை சூடேறுவதற்குள் அவன் இன்ஸ்டிடியூட்டுக்குப் பஸ் ஏறியிருப்பான். ஜன்னலைத் திறந்தால் ஆற்றுப் பனிமூட்டம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். தோய்த்துப் போட்ட வேஷ்டி கொடியிலேயே அட்டையாக விறைத்துப் போகும். அப்புறம் தளிகை. பாலில் கஞ்சி காய்ச்ச விற்கிற குண்டு அரிசி, துவரம்பருப்புக்குப் பதில் உடைத்த பட்டாணி, வருஷம் முழுக்கக் கோஸும் காரட்டும். பெருங்காயத்தைக் கண்ணில் காட்டினால் கீழே வீட்டுக்காரி ஃபிராவ் க்ரேபர் எல்லா ஜன்னலையும் படார் படாரென்று திறப்பாள். ஏதோ பிணம் கிடக்கிறது என்கிற மாதிரி மூக்கைப் பிடிப்பாள்.

காக்காய்க்குச் சாதம் வைக்காமல் வேதவல்லி சாப்பிட உட்காரமாட்டாள். இந்த ஊர்க் காக்காய் கன்னங்கரேலென்று எருமைக்கன்று சைஸ். இருந்தாலும் காக்காய் காக்காய்தானே என்று வந்த புதிதில் ஜன்னல் விளிம்பிலேயே வைத்துப் பார்த்தாள். அதுகள் கூட்டமாக வந்து தின்றுவிட்டு ஃபிராவ் க்ரேபரின் வெள்ளைப் படுக்கை விரிப்புகளின் மேல் கழித்துவிட்டுப் போயின. வீட்டுக்காரி மச்சேறி வந்து விரலை ஆட்டி ஆட்டி ஒரு பாட்டம் தீர்த்தாள். வேதவல்லிக்குப் பாஷை புரியவில்லை, விரல் புரிந்தது.

அன்றிலிருந்து சாதம் பின்கட்டு வேலிக்குப் போனது. தோட்டம் தாண்டி, காடு தொடங்குகிற இடத்தில், வேலிக்கட்டையின் கீழே ஒரு பலகைத் துண்டு. அதில் ஒரு பிடி சாதம், கூடவே கறிகாய் நறுக்கின மிச்சம், கோஸின் முற்றின மேலிலை, காரட் தழை. ‘கா கா’ என்று கூப்பிட வெட்கம். வீட்டுக்காரி ஏற்கெனவே ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள். அதனால் கரண்டியால் எவர்சில்வர் தட்டின் விளிம்பில் டங் டங்கென்று தட்டுவாள். காக்காய்கள் அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டன.

காக்காய்கள் மட்டும் பழகவில்லை. நவம்பர் மாதம் ஒரு சாயங்காலம், மிச்சமிருந்த கோஸிலையைத் தின்ன ஒரு பெட்டை மான் வந்தது. பின்னாலேயே அதன் குட்டி. தாய்க்கு இடது காது பாதி கிழிந்து தொங்கியது. வேதவல்லி அதற்கு மூளி என்று பேர் வைத்தாள். பனி இறுகிக் காட்டில் புல் மறைந்த பிறகு, தட்டுச் சத்தம் கேட்டாலே மத்தியானமென்றும் பாராமல் தாயும் குட்டியும் புதரோரம் வந்து நின்றன. அவள் நாலடி பின்னால் நகர்ந்தால் போதும், வந்து தின்னும். அந்தக் கிராமத்தில் அவளைப் பார்த்து முகம் சுளிக்காத ஜீவன் அது ஒன்றுதான். அதனிடம் அவள் தமிழில் பேசினாள். பட்டாணிச் சாம்பார் சரியாக அமையாததையும் அம்மாவுக்குக் கால்வலி என்று தகவல் வந்ததையும் மூளிதான் முதலில் கேட்டது.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்திரமௌலி சாப்பிட வந்திருந்தான். பார்த்தசாரதிக்கு நாலு வருஷம் முன்னாலேயே வந்து, ஒரு சாயக் கம்பெனியில் வேலையாக இருக்கிற கெமிஸ்ட். கல்யாணம் ஆகாதவன். ஹோட்டலில் எதைத் தின்கிறான் என்று யாரும் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை.

"மன்னி, இந்தப் பட்டாணியில சாம்பார் பண்றதுக்கு உங்களுக்கே டாக்டர் பட்டம் குடுக்கணும்" என்றான்.

"குடுங்கோ. வாங்கிண்டு அடுத்த பிளேன்ல ஏறிடறேன்."

"என்னடா பாச்சா, மன்னி இப்படிச் சொல்றா, நீ மோர்ஞ்சாதத்தை முறைச்சுண்டு உக்காந்திருக்கே?"

பார்த்தசாரதி நிமிர்ந்தான். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் கண் இரண்டும் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன.

"புரொஃபஸருக்கு வர்ற வாரம் அறுபது வயசு பூர்த்தி. டிபார்ட்மென்ட்ல எல்லாரும் சேர்ந்து அவருக்கு ரைஃபிள் ஸ்கோப் பிரசன்ட் பண்ணப் போறா. செலக்ட் பண்ற வேலை என் தலையில விழுந்திருக்கு."

"உன் தலையிலயா? நீ என்ன, புலி வேட்டைக்குப் போன பரம்பரையா?"

"லென்ஸ்காரன் நான்தானேடா! ‘ஹெர் பார்த்தசாரதிக்குத் தெரியாததா’ன்னு எல்லாரும் கையைத் தட்டிட்டா. நான் எப்படி எனக்குத் தெரியாதுன்னு சொல்றது? லென்ஸ்ல டாக்டரேட் பண்ண வந்தவன், அதுவும் அவர்கிட்டயே."

"இதுல என்ன கஷ்டம்? கடைக்குப் போ. இருக்கறதுலயே பெரிசா, பளபளன்னு ஒண்ணை வாங்கிண்டு வா."

"வசூல் ஆனது முந்நூறு மார்க். புதுசுல நல்லது அதுக்கு மேல. அதைத் துப்பாக்கியில மாட்டற மவுண்ட்டுக்கு வேற தனியா அழணும். அதை மறந்துட்டு எல்லாரும் ஸ்கோப்புக்கே மொத்தப் பணத்தையும் குடுத்துடறா, அப்பறம் முழிக்கறான்னு கடைக்காரர் சொன்னார். நல்ல மனுஷர். மூணு ஸ்கோப்பைக் கையில குடுத்து, ஆத்துக்குக் கொண்டுபோய் ரெண்டு நாள் வெச்சுப் பார்த்துட்டு வா, சாயங்காலம் பாரு, மத்தியானம் பாக்காதேன்னார்."

"சாயங்காலம் எதுக்கு?"

"மத்தியான வெயில்ல எந்தக் கண்ணாடியும் நன்னாத்தான் தெரியும்டா. மான் வெளியில வர்றது இருட்டற நேரத்துல. இங்கெல்லாம் உசரமா மர மேடை கட்டி அதுல ஏறி உக்காந்துண்டு காத்திண்டிருப்பா. அந்தக் கடைசிக் கால்மணி வெளிச்சத்துல தெரியறதா இல்லையாங்கறதுதான் விஷயம்."

சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, பழைய வேஷ்டியை விரித்து, மூன்றையும் எடுத்து வைத்தான். முதலாவது புத்தம் புதிசு. எங்கிருந்தோ கப்பலில் வந்தது, கறுகறுவென்று நீளமாக இருந்தது. திருகினால் உருவம் மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை பெரிதாகும். இரண்டாவது உள்ளூர்ச் சரக்கு, புதிசுதான், சின்னது, நாலு மடங்கு. மூன்றாவது யாரோ ஒரு கிழவர் காலமான பிறகு கடைக்கு வந்த பழசு. ஆறு மடங்கு. குழாய் முழுக்கக் கீறல், பூச்சு உரிந்து வெள்ளை உலோகம் பல்லிளித்தது. முன்கண்ணாடி மட்டும் அகலமாக, ஒரு தூசி இல்லாமல் இருந்தது.

"இதையா அறுபதாம் கல்யாணத்துக்குக் குடுக்கப்போறே?" என்று சந்திரமௌலி பழசைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் சிரித்தான். "பேசாம அந்தத் திருகறதை வாங்கு. பாக்கற மனுஷனுக்கு ஒரு கனமா இருக்கும்."

"காசு கம்மியா இருக்கறச்சே திருகறதை வாங்கவே கூடாதுடா. அதே காசுல உள்ள நாலு கண்ணாடி ஜாஸ்தி வெச்சாகணும். ஒவ்வொண்ணும் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னுடும். குழாய்ல கீறல் இருந்தா சுடறவனுக்கு என்ன? கண்ணாடியில இருக்கக் கூடாது."

"அப்போ தெரிஞ்சிருக்கே! கிளாஸ் எடுக்கறே! அப்பறம் என்ன யோசனை?"

பார்த்தசாரதி மூன்றையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான், உள்ளே ஏதாவது கடகடக்கிறதா என்று. ஜன்னலுக்கு வெளியே பனியில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, அடுப்பருகே கொண்டுவந்தான். வெளிப்புறம் வேர்த்தால் குற்றமில்லை, உட்புறம் வேர்க்கக் கூடாது. பழசு உள்ளே வேர்க்கவில்லை. அரிசிப் பையை ஜன்னல் விளிம்பில் அண்டக்கொடுத்து அதன்மேல் ஒவ்வொன்றாக வைத்து, கண்ணை இப்படியும் அப்படியும் நகர்த்தினான். திருகுகிறதில், உள்ளே குறிபார்க்க வைத்திருக்கும் குறுக்குக் கம்பி மரத்தை விட்டு ஊர்ந்து ஊர்ந்து போனது. குறி நிற்காது என்று அதை ஒதுக்கினான். இவ்வளவும் பகல் வேலை. மிச்சம் அந்தி வேலை. அதற்குத்தான் அவனிடம் கண் இல்லை.

இது வேதவல்லிக்கு மட்டும் தெரிந்த சமாசாரம். அந்தி சாய்ந்தால் அவனுக்குப் பார்வை மட்டம். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வேலியைத் தடவிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவான். வெளிச்சத்தையும் கண்ணாடியையும் ஆராய்ச்சி பண்ண வந்தவன் இதை யாரிடம் போய்ச் சொல்லிக்கொள்வான்? சந்திரமௌலி பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை காத்திருந்துவிட்டு மெதுவாகக் கூப்பிட்டான்.

"வேதா, கொஞ்சம் வந்து பாரேன்."

"நானா? எனக்கு என்னன்னா தெரியும்?"

"தெரியவே வேண்டாம். கண் தெரிஞ்சா போதும். அந்த வேலிகிட்ட என்ன தெரியறதுன்னு மட்டும் சொல்லு. ரெண்டுத்துலயும் மாத்தி மாத்திப் பாரு. எது முதல்ல அவியறதோ அதைத் தள்ளிடலாம்."

அவள் குனிந்து கண்ணை வைத்தாள். முதலில் தன் இமைமயிர்தான் தெரிந்தது. அவன் தோளைப் பிடித்து நாலு விரல்கடை பின்னால் இழுத்தான்.

"ஒட்டிண்டு பாக்கக் கூடாது. துப்பாக்கி பின்னால உதைக்கும், புருவம் கிழிஞ்சுடும்."

"நான் என்ன சுடவா போறேன்?"

"சரி சரி, பாரு."

வேலிக்கட்டை வந்தது. பலகை வந்தது. பலகையின் மேல் மத்தியானச் சாதத்தில் நாலு பருக்கை மிச்சமிருப்பதுகூட வந்தது. அவளுக்கே சிரிப்பாக இருந்தது. அப்புறம் மூளி வந்தது. இத்தனை நாள் நாலடி விலகியே பார்த்த முகம் இப்போது கைக்கெட்டுகிற தூரத்தில். மூக்கின் ஈரம், கண்ணைச் சுற்றிச் சாம்பல் வட்டம், கிழிந்த காதின் விளிம்பில் முளைத்த மயிர். குட்டி தாயின் வயிற்றை முட்டிக்கொண்டு நின்றது.

"ஏன்னா, அது மெல்றது தெரியறது!"

"சின்னதுல பாரு இப்போ."

"இதுலயும் தெரியறது. கொஞ்சம் கறுப்பா."

வெளிச்சம் இறங்கிக்கொண்டே வந்தது. அவன் மாற்றி மாற்றி வைத்தான். அவள் மாற்றி மாற்றிச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் சின்னதில் மூளி ஒரு கறுப்புப் பொட்டலம் ஆகிவிட்டது, எது தலை எது வால் என்று சொல்ல முடியவில்லை. கீறல் விழுந்த பழசில் கிழிந்த காது அப்போதும் கிழிந்த காதாகவே இருந்தது. வெறும் கண்ணுக்கு வேலியே மறைந்த பிறகும் அதில் குறுக்குக் கம்பியும் காதும் தனித்தனியாகத் தெரிந்தன.

"இதுதான். சந்தேகமே இல்லை" என்றாள். அவளுக்குப் பெருமையாக இருந்தது. இந்த ஊருக்கு வந்து இத்தனை மாதத்தில் யாரும் அவளை ஒரு அபிப்பிராயம் கேட்டதில்லை.

"கடைக்காரர் ஒண்ணு சொன்னார் வேதா. மட்டமான ஸ்கோப்பு வெச்சிருக்கறவன் சரியாத் தெரியலைன்னு சுடாம வரமாட்டானாம். உத்தேசமா சுடுவானாம். வயத்துல படும், கால்ல படும். அது ஓடிப்போய் எங்கயாவது கிடந்து நாலு நாள் துடிச்சுச் சாகும். நல்ல ஸ்கோப்புன்னா ஒரே குண்டு, நின்ன இடத்துல விழுந்துடும். நல்லதா வாங்கறது ஒரு விதத்துல ஜீவகாருண்யம்னார்."

"நன்னா இருக்கே அவர் ஜீவகாருண்யம்!" என்றாள் வேதவல்லி. அதற்குமேல் அவள் அதை யோசிக்கவில்லை. பேராசிரியர் சுடுவது எங்கோ தூரத்துக் காட்டில் இருக்கும், முகம் தெரியாத மானாக இருக்கும் என்றுதான் நினைத்தாள். நாமெல்லோரும் அப்படித்தானே நினைப்போம்.

பிறந்தநாள் நன்றாகவே நடந்தது. கீறல் விழுந்த குழாயைப் பார்த்து மற்றவர்கள் முகம் சுண்டினார்களாம். ஹார்ட்விக் மட்டும் அதை எடுத்துக்கொண்டு மாடி ஜன்னலுக்குப் போனாராம். மூடுபனிக்குள் நெடுநேரம் பார்த்துவிட்டு வந்து, "இதைத் தேர்ந்தெடுத்தவனுக்குக் கண்ணாடியும் தெரிகிறது, வேட்டையும் தெரிகிறது" என்று பார்த்தசாரதியின் முதுகில் தட்டினாராம். வீட்டுக்கு வந்து இதை மூன்று தரம் சொன்னான். அன்றைக்கு அவள் அரிசியும் பாலும் வைத்துக் கண்ணமுது பண்ணினாள்.

நாலு நாள் போயிருக்கும். மேலே கொடியில் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வெளியே வெளிச்சம் அவிகிற நேரம். காட்டுப் பக்கமிருந்து ஒரே ஒரு சத்தம், பெரிய மரக்கதவை அறைந்து சாத்தினாற்போல. காக்காய்கள் மொத்தமாகக் கிளம்பிக் கத்தின. அப்புறம் ஒன்றுமில்லை.

மறுநாள் மத்தியானம் தட்டைத் தட்டினாள். குட்டி மட்டும் வந்தது. தின்னவில்லை. காட்டைத் திரும்பிப் பார்த்துப் பார்த்துக் கத்தியது. அதற்குக் குரல் உண்டு என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

அவன் வந்ததும் வராததுமாக, கோட்டைக்கூடக் கழற்றவிடாமல் கேட்டாள்.

"அந்த ஸ்கோப்புல எதைப் பார்த்தோம்னு அவர்கிட்டச் சொன்னேளா?"

"கேட்டார். எப்படி டெஸ்ட் பண்ணினேன்னு கேட்டார். சொன்னேன்."

"என்னன்னு?"

"ஆத்துக்குப் பின்னால தினம் சாயங்காலம் ஒரு மான் வரும், அதோட கிழிஞ்ச காது எதுல கடைசி வரைக்கும் தெரியறதுன்னு பார்த்தோம்னு..." பாதியில் நிறுத்தினான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது. "வேதா, நான் சயின்ஸா நெனச்சுச் சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள்ளயே அவர் மேடை இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நானும்னா பாத்துச் சொன்னேன். எது நன்னாத் தெரியறதுன்னு நானும்னா வெக்கமில்லாம சொன்னேன்! நான் சாதம் போட்டு வரவழைச்சேன், நீங்கோ வழி சொல்லிக் குடுத்தேள், அவர் வந்து சுட்டுட்டுப் போயிட்டார். ஆளுக்கு ஒரு வேலை."

"சத்தம் போடாதே. கீழ கேக்கும்."

"கேக்கட்டுமே. என்ன புரியப் போறது அவளுக்கு?" என்று சொல்லிவிட்டு அழுதாள். அவன் கோட்டோடேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

சனிக்கிழமை ஹார்ட்விக்கே காரில் வந்துவிட்டார். பச்சைக் கோட்டு, தொப்பியில் ஒரு இறகு, குளிரில் சிவந்த நல்ல முகம். கெட்ட மனுஷராக இருந்தால் வேதவல்லிக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். தன்னிடம் முன்பிருந்த ஸ்கோப்பாக இருந்தால் அந்த வெளிச்சத்தில் சுட்டிருக்கவே முடியாது, ஒரே குண்டு, இருந்த இடத்திலேயே படுத்துவிட்டது, வலியே தெரிந்திருக்காது என்று பார்த்தசாரதியிடம் சொல்லி, மனைவிக்கு மொழிபெயர்த்துச் சொல் என்றார். அவன் மொழிபெயர்த்தான். அவர் உதவித்தொகை நீட்டிப்புக் காகிதத்தைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். கையெழுத்து இருந்தது. ஆனால் ஒரு வருஷத்துக்கு இல்லை, ஜூன் முடிய. மிச்சத்தை அப்போது பார்த்துக்கொள்ளலாம், கவலை வேண்டாம் என்றார். கூடவே எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக் கனமாக ஒரு பொட்டலம். நன்றியறிதலுக்குப் பின்னங்கால் துண்டு.

பார்த்தசாரதி அதை இரண்டு கையாலும் வாங்கினான். வாங்காமல் எப்படி இருப்பது? வேதவல்லி, தனக்குத் தெரிந்த நாலு ஜெர்மன் வார்த்தையில் ஒன்றான, நன்றி என்று அர்த்தமுள்ள ‘டாங்கெ’யைச் சொன்னாள். அதைச் சொன்ன வாயைக் குழாயடியில் மூன்று தரம் கொப்பளித்தாள்.

பொட்டலத்தை வீட்டில் வைக்க முடியாது, எறியவும் முடியாது. கீழே கொண்டுபோய் ஃபிராவ் க்ரேபரிடம் கொடுத்தான். அந்த அம்மாள் முகம் மலர்ந்து போயிற்று. சாயங்காலம் முழுக்க வீடெல்லாம் அந்த வாசனை. ஜன்னல்களைத் திறப்பதா வேண்டாமா என்று மச்சில் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் வீட்டுக்காரி மேலே வந்து சிரித்தாள். விறகுக் கொட்டகையின் கூரையைக் காட்டி, உன் காக்காய்களுக்கு இனிமேல் அங்கேயே வை, பனியில் வேலிவரை நடக்காதே என்று ஜாடையில் சொன்னாள். ஒரு மாதம் முன்னால் சொல்லக் கூடாதா இதை!

சாதம் கொட்டகைக் கூரைக்கு மாறியது. வேதவல்லி தட்டைத் தட்டுவதை நிறுத்தினாள், வேலிப் பக்கம் போவதையும் நிறுத்தினாள். குட்டி வராமல் இருந்தால் பிழைத்துப் போகும் என்று எண்ணினாள். குட்டிக்கு அது தெரியவில்லை. சாயங்காலமானால் வந்து காலிப் பலகையை முகர்ந்துகொண்டு நின்றது. வேறு எங்கே போகும், அதற்குத் தாய் காட்டிக் கொடுத்த இடம் அதுதானே.

ஜனவரி பாதியில் பார்த்தசாரதி மறுபடி இரண்டு ஸ்கோப்போடு வந்தான். பைக்குள் இருந்ததை வெளியே எடுக்காமலே பேசினான்.

"புரொஃபஸரோட மச்சினர் ஒருத்தர் இருக்கார். அவருக்கும் பழசுல ஒண்ணு பாத்துத் தரச் சொன்னார். இந்தத் தடவை பட்ஜெட் இன்னும் கம்மி."

"பாத்துக் குடுங்கோ."

"என்னால எப்படி முடியும்? உனக்குத் தெரியாதா?"

"எங்க உக்காரப் போறாராம் அந்த மச்சினர்?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அதே மேடைதான். மாசக் கடைசியோட பெட்டை மானுக்கும் குட்டிக்கும் சீசன் முடியறதாம். அதுக்குள்ள வரணுமாம்."

"முடியாதுன்னு சொல்லிடுங்கோளேன்."

"ஜூன் வரைக்கும்தானே வேதா கையெழுத்துப் போட்டிருக்கார்" என்றான். அதட்டவில்லை. கெஞ்சுகிற குரல். அதட்டியிருந்தால் அவளும் எதிர்த்துப் பேசியிருப்பாள்.

அரிசிப் பை ஜன்னல் விளிம்புக்கு வந்தது. வேதவல்லி குனிந்தாள். பலகை, பனி, பலகையை நக்குகிற குட்டி. முதல் ஸ்கோப்பில் சீக்கிரமே மசமசவென்று ஆகிவிட்டது. இரண்டாவதில் வெகுநேரம் தெரிந்தது. விலாவெலும்பைக்கூட எண்ணலாம் போல மெலிந்திருந்தது.

"எது?" என்றான்.

ஒன்றிலும் தெரியவில்லை என்று சொல்லிவிடத்தான் நாக்கு துடித்தது. சொன்னால் அந்த மச்சினன் ஸ்கோப்பில்லாமல் இருக்கப்போகிறானா? மட்டமானதை வாங்கி மாட்டிக்கொண்டு வருவான். உத்தேசமாகச் சுடுவான். கடைக்காரர் சொன்ன வயிறும் காலும் நாலு நாள் துடிப்பும் அவள் கண்ணுக்கு முன்னால் நின்றன. பொய் சொன்னால் அப்படி. நிஜம் சொன்னால் இப்படி.

"ரெண்டாவது" என்றாள். "அதையே வாங்கச் சொல்லுங்கோ. அதுல நன்னாத் தெரியறது."

சொன்னவள் அப்படியே திரும்பி, கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். சுடுகிறவன் நல்ல கண்ணாடியோடு வரட்டும், சுடுவதற்கு அங்கே ஒன்றும் இருக்கக் கூடாது. இன்றைக்கே அதை வெருட்டி, இந்த மனுஷ ஜாதி இருக்கிற பக்கமே தலைவைத்துப் படுக்காதபடி பயமுறுத்தி ஓட்டிவிட வேண்டும். செருப்பில்லை, கோட்டில்லை. புடவைக் கொசுவம் பனியில் புரள, தோட்டத்தைக் கடந்து வேலிக்கு ஓடினாள். ஃபிராவ் க்ரேபர் ஜன்னலில் வந்து நின்றாள்.

"போ! ஓடு! போய்த் தொலை!" என்று கத்திக்கொண்டே கையிலிருந்ததால் அடித்தாள். டங் டங் டங்கென்று காடு அதிர அடித்தாள்.

குட்டி தலையைத் தூக்கியது. காதிரண்டையும் அவள் பக்கம் திருப்பியது. இத்தனை நாளாகக் கேட்காமலிருந்த பழைய சத்தம். துள்ளிக்கொண்டு அவளை நோக்கி வந்தது.

அப்போதுதான் வேதவல்லி தன் கையைப் பார்த்தாள். ஒன்றில் எவர்சில்வர் தட்டு, ஒன்றில் கரண்டி.

குட்டி நாலடி தூரத்தில்கூட நிற்கவில்லை. நேரே வந்து வேலிக் கம்பிகளுக்கு இடையில் மூக்கை நீட்டி, காலித் தட்டை நக்கியது. மேலே ஜன்னலில் பார்த்தசாரதி, இருட்டில் ஒன்றும் தெரியாமல், "வேதா, போயிடுத்தா? போயிடுத்தா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.